தைத் தாலியும் தியோமான் கடலும்

தை பிறந்துவிட்டால் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குக் கல்யாணக் களை வந்துவிடும். பஃபலோ ரோட்டில் மாலை கட்டுகிறவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. மண்டபம் பேசி, சமையல் பேசி, பத்திரிகை அடித்து முடிப்பதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் ஒன்றைப் பேசி முடித்திருப்பார்கள். கல்யாணம் முடிந்த கையோடு தியோமான். தென்னை, வெள்ளை மணல், பவளப்பாறை, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத நாலு நாள். ஆசை நியாயமானதுதான். மாதம்தான் உதைக்கிறது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வந்து மலேசியாவின் கிழக்குக் கரையில் நேராக மோதுகிறது. தடுப்பதற்கு நடுவில் பெரிய நிலம் எதுவும் இல்லை. தியோமான், ராவா, ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாமே அந்தக் கரையோரத் தீவுகள். அந்த மாதங்களில் பல விடுதிகள் பூட்டிக் கிடக்கும், படகுகள் குறையும், கடல் மோசமானால் ஓடாமலே நின்றுவிடும். போய்ச் சேர்ந்தாலும் கலங்கிய தண்ணீரில் பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது. தை மாதமோ ஜனவரி நடுவில் பிறந்து பிப்ரவரி நடுவில் முடிகிறது. விடுதிக்காரர் தள்ளுபடி விலை சொல்கிறார் என்று முன்பணம் கட்டிவிடுகிறவர்கள், அந்தத் தள்ளுபடி எதனால் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நான் சொல்லும் வழி கொஞ்சம் பழைய வழி. தாலி கட்டிய மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாலி பிரித்துக் கோக்கிற வழக்கம் நம் வீடுகளில் பலவற்றில் இன்னும் இருக்கிறது. தையில் கல்யாணம் என்றால் அது பங்குனியிலிருந்து வைகாசிக்குள் வரும். அப்போது கிழக்குக் கடல் அடங்கிவிடுகிறது. மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்து, இருவருக்கும் மறுபடி விடுப்பு சேர்ந்திருக்கும். மஞ்சள் கயிறு நனையுமே என்ற பெரியவர்களின் கவலையும் தீர்ந்திருக்கும். ஜூன் மட்டும் வேண்டாம். சிங்கப்பூரின் பள்ளி விடுமுறை அது. பாதித் தீவு நமக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

போகும் வழியைப் பற்றி ஒன்று. உட்லண்ட்ஸ் தாண்டி, ஜொகூர் பாரு வழியாக மெர்சிங் போய், அங்கிருந்து படகு. மெர்சிங் படகுத்துறை ஓர் ஆற்றின் வாயில் இருக்கிறது, ஆழம் போதாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் படகு அசையாது. அதனால் படகு நேரம் கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்துப் போடப்படுகிறது, நாளுக்கு நாள் மாறும். முதலில் படகு நேரம், பிறகு பேருந்து, கடைசியில் அறை என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். படகு கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சலாங் என்று கிராமம் கிராமமாக நின்று போகும். எந்தத் துறையில் இறங்க வேண்டும் என்று விடுதியில் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். ஒரு கிராமத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் காடுதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தேக்கா சந்தையிலேயே ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது.

தையிலேயே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மேற்கே திரும்புங்கள். லங்காவிக்கு அது வறண்ட காலம். மாலத்தீவுக்கும் அப்படியே. சிங்கப்பூரிலிருந்து மாலேவுக்கு விமானத்தில் ஏறக்குறைய நாலரை மணி நேரம். விலை உச்சத்தில் இருக்கும் பருவம் என்பதால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். தூரத்துத் தீவுகளுக்குப் போகும் கடல்விமானங்கள் பகலில்தான் பறக்கும். இரவில் மாலேவில் இறங்கினால் அங்கே ஒரு ராத்திரி தங்கும் செலவு தனி. இன்னொன்று, வழிபாட்டுச் சிலைகளையும் மதுவையும் மாலத்தீவுக்குள் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அம்மா பெட்டிக்குள் வைத்துவிடும் குட்டிப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இரண்டு நாள் விடுப்புக்கு மேல் கிடைக்காத ஜோடிகள் எத்தனையோ பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். சம்பளமும் கைக்கும் வாய்க்குமாக இருக்கும். அவர்களுக்காகவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்வேன். மரினா சவுத் பியரில் எம்ஆர்டியை விட்டு இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கி, தரைப்பாலம் வழியே நடந்தால் லாசரஸ் தீவின் வளைந்த மணற்கரை. வார நாளில் போனால் நீண்ட தூரத்துக்கு ஆள் நடமாட்டம் இருக்காது.

செயின்ட் ஜான்ஸைச் சும்மா கடந்து போய்விடாதீர்கள். 1870களில் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அமைத்தார்கள். தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்களில் பலர், சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் அந்தத் தீவில் அடைபட்டுக் கிடந்தார்கள். தீவு என்றால் அவர்களுக்குக் காத்திருப்பும் பயமும்தான். பேரன் பேத்திகள் அங்கே கைகோத்து நடப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

சாப்பாட்டையும் தண்ணீரையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் கடைசிப் படகு சீக்கிரமே கிளம்பிவிடும். அதன் நேரத்தைக் காலையில் ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)