உங்களுக்குத் தெரியுமா? ஐ.நா. சபைக்குப் போன சண்டாஸ்

மும்பைத் தமிழர் பேச்சில் கழிப்பறைக்குச் 'சண்டாஸ்' என்றுதான் பெயர். 2001 ஜூனில் நியூயார்க் ஐ.நா. தலைமையகக் கூடத்தில் குடிசைவாசிகள் அமைத்த ஒரு மாதிரி வீடும், பக்கத்திலேயே குழந்தைகளுக்கான சண்டாஸும் நின்றன. பொதுக் கழிப்பறை வரிசையில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளை நெட்டித் தள்ளிவிடுவார்கள். இருட்டுக் குழியைக் கண்டாலே பிள்ளைக்குப் பயம். அதனால் இந்தச் சண்டாஸில் குழி சின்னது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பார்க்க வந்தபோது இந்திய, தென்னாப்பிரிக்கக் குடிசைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆடிப் பாடினார்கள். இதைக் கட்டுரையில் பதிந்தவர் பம்பாயில் பிறந்த தமிழர், மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை.

*

குடிசைவாசிகளின் குரல் ஐ.நா. வரை போனதற்கு வேராக இருந்தவரும் தமிழர்தான். ஜோக்கின் அற்புதம் 1947-ல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1963-ல் பம்பாய் வந்து மான்குர்த் ஜனதா காலனியில் தங்கினார். தச்சு வேலை தெரியும். காலனியில் குப்பை அள்ள ஆள் வரவில்லை. பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு கிலோ குப்பைப் பொட்டலம். இறக்கி வைத்த இடம், மாநகராட்சி அலுவலக வாசல்! மனு எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த யோசனையின் அருமை தெரியும்.

*

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், ஜனதா காலனியை இடித்தார்கள். இடம் கேட்டது பக்கத்திலிருந்த பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையம். சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்ந்தார்கள். செம்பூர்ப் பக்கம் போனால் இன்றும் அங்கே தெருவெல்லாம் தமிழ்.

*

1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு ஒதுக்கிய 100 கோடி ரூபாயில், பெரிய குடிசைப் பகுதியான தாராவிக்கு 37 கோடி. ஆனால் தாராவியில் எத்தனை பேர்? மறுவருடம் அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பே வீடு வீடாக ஏறி எண்ணியது: 5,30,225 பேர். அரசு போட்டிருந்த கணக்கு இதைவிட வெகு குறைவு. 

*

தங்களைத் தாங்களே எண்ணுவது, தினம் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ சேர்ப்பது. இந்த இரண்டையும் தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகள் மும்பையில் பார்த்துக் கற்றுப் போனார்கள். 1996-ல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் சர்வதேச அமைப்பு உருவானது. அற்புதம் அதன் தலைவரானார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார்.

*

நைரோபியின் கிபேராவில் தண்டவாளத்தை ஒட்டியே குடிசைகள். அவற்றை மாற்றுவதற்கு முன் கென்ய ரயில்வே அதிகாரிகள் பாடம் படிக்க வந்தது மும்பைக்கு. இங்கே உலக வங்கிக் கடனில் நடந்த நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்காகத் தண்டவாள ஓரத்துக் குடும்பங்கள் தாங்களே குடிசையைப் பிரித்து நகர்ந்திருந்தன. ஆனால் எல்லாம் சுபம் என்று எண்ண வேண்டாம்: அதே திட்டத்தில் இடம்பெயர்ந்த வேறு சிலரின் புகார்கள் உலக வங்கி வரை போய், 2006-ல் வங்கி சில மாதம் பணத்தையே நிறுத்தி வைத்தது.

*

மும்பையின் மாட்டுங்கா, தாராவி இரண்டிலும் தமிழ்தான். நடுவே ரயில் பாதை. 1896 பிளேக்குக்குப் பிறகு 1898-ல் வந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் மாட்டுங்காவுக்கு அகலத் தெருவும் பூங்காவும் போட்டது. தாராவியில் இருந்ததோ தோல் பதனிடும் தொழில்.

*

இப்போது தாராவி மறுசீரமைப்பில் தரைத்தளக்காரர்கள் 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததைக் காட்டினால்தான் அங்கேயே 350 சதுர அடி இலவச வீடு. அங்கே உங்கள் சொந்தபந்தம் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில் பத்திரமாக இருக்கிறதா?