சுருள்பாசிக்கு நீரே நிலம்

நெல்லுக்கும் மணிலாவுக்கும் மண்ணின் தரம் எப்படியோ, ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசிக்கு நீரின் தரம் அப்படியாம். உலர்ந்த சுருள்பாசியில் நூற்றுக்கு அறுபது பங்களவு புரதம் உண்டு. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கத்து மக்கள் இதனை வடித்து, வெயிலில் உலர்த்தி, ‘திஹே’ என்னும் பெயரால் நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். அங்கு இது விளையும் குட்டைகள் சோடா உப்பு மிகுந்தவை. செஞ்சி வட்டத்தில் தொட்டி கட்டி இதனைப் பயிரிடக் கருதும் விவசாயிகள், அத்தகைய உவர்நீரைத் தாமே உண்டாக்குதல் வேண்டும்.

1966-ல் ஜாருக் என்பவர் வகுத்த முறைப்படி, 1,000 லிட்டர் நீருக்குச் சமையல் சோடா 16.8 கிலோவும் சோடியம் நைட்ரேட்டு 2.5 கிலோவும், பாஸ்பேட்டு முதலிய பிற உப்புகள் சிறிதளவும் தேவை. இதற்குச் செலவு அதிகம். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் சோடாவை 4.5 கிலோவாகவும் நைட்ரேட்டை 1.5 கிலோவாகவும் குறைத்தனர். கிராமங்களுக்கேற்ற சிறு தொட்டி முறையைச் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம் பரப்பிற்று.

எனினும், சிக்கனத்திற்கு எல்லை உண்டு. சோடா இப்பயிருக்கு உணவாவதோடு வேலியாகவும் நிற்கிறது. நீரின் கார அளவு (பி.எச்.) 9-க்கும் 10.5-க்கும் இடையில் இருக்கும்வரை வேற்றுப் பாசிகள் எளிதில் தலையெடுக்கமாட்டா. ஐப்பசி, கார்த்திகை மழை தொட்டியில் விழுந்து நீர் மெலியுமாயின் வேலி தளரும். ஆகையால் மேற்கூரை அவசியம்.

நைட்ரேட்டுக்குப் பதிலாக மலிவான யூரியாவை இடுவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். காரநீரில் யூரியாவிலிருந்து அம்மோனியா பிறக்கும். அது மிகுந்தால் பயிர் முழுதும் மடியும். கிணற்று நீர் கடினமாயிருப்பின், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடாவுடனும் பாஸ்பேட்டுடனும் கூடி வெண்சேறாகப் படியும். இட்ட உரம் வீணாகும். ஆதலின் தொட்டி கட்டுமுன் நீரைப் பரிசோதித்தல் முறை.

வயலுக்கு இடும் மட்டமான உரங்களில் ஈயம், காட்மியம் முதலிய நச்சு உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். பாசி அவற்றையும் ஈர்த்துக்கொள்ளுமாதலால், உண்பதற்கான பயிருக்குத் தூய உப்புகளையே இடவேண்டும். ஏரி, குளங்களில் தானே படரும் பச்சைப் பாசியைச் சுருள்பாசியென்று கருதி உண்ணலாகாது; அவற்றுட் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையவை. கிராம அதிகாரிகள் இதனை மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.

துணியில் பாசியை வடித்தபின், தெளிந்த நீரை மீண்டும் தொட்டியிலேயே விடலாம். அறுவடையோடு வெளியேறிய சத்துக்களை அவ்வப்போது ஈடுசெய்யாவிடின் விளைவு நாளுக்குநாள் குறையும். முதலில் ஒரு சிறு தொட்டியில் பயிரிட்டு, உப்புச் செலவையும் உலர்ந்த பாசியின் எடையையும் குறித்து வைத்து, வரவு கண்ட பின்னரே பெருந்தொட்டிக்குப் பணம் இடுதல் விவேகமாகும்.