காரை ஓட்டிப் பார்ப்பதுபோல் தவணையையும் ஓட்டிப் பாருங்கள்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் காலை ஒன்பது மணிக்கு மேல் கார் ஓட்டுவது பொறுமையைச் சோதிக்கும் செயல். ஒருபுறம் அரிசி, மிளகு, சுக்கு மூட்டைகளை இறக்கும் லாரிகள். மறுபுறம் யூதத் தெருவைக் காண வரும் பயணிகள். இச்சாலைக்கு அருகில் வாழும் என் தமக்கை மகன், விரைவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு சிறிய செடான் காரை வாங்க விரும்பினான். புதிதன்று, பிறர் பயன்படுத்தியது. விலை 7 இலட்சம் ரூபாய். அதில் 5 இலட்சத்தைக் கடனாகப் பெற்று, மீதி 2 இலட்சத்தை வைப்புத்தொகையிலிருந்து எடுப்பது அவன் திட்டம். அந்த வைப்புத்தொகையோ, வீட்டின் பழைய ஓட்டுக் கூரையை மாற்றுவதற்காகச் சேர்த்த பணம்.

“மாமா, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றான் அவன். “கூரையைப் பார்த்துவிட்டும் சொல்” என்றார் என் தமக்கை. பழைய கார்கள் மூன்றை வாங்கி ஓட்டிய அனுபவத்தை மட்டுமே துணையாகக் கொண்டு கொச்சிக்குச் சென்றேன்.

ஆசைக்கு ஒரு வரலாறு

குடும்பத்திற்கு ஏற்ற நான்கு கதவுகளும், பெட்டிகள் வைக்கும் இடமும், அவற்றோடு ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி தரும் எஞ்சினும் கொண்ட கார்கள் இந்தியச் சந்தைக்குப் புதியவை அல்ல. 2000-ஆம் ஆண்டில் வந்த ஹோண்டா சிட்டி விடெக், 1.5 லிட்டர் எஞ்சினிலிருந்து 106 குதிரைத்திறன் தந்தது. 2004-இல் 150 குதிரைத்திறன் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வந்தது. 2010-இல் ஃபியட் லீனியா டி-ஜெட், 1.4 லிட்டர் டர்போ எஞ்சினுடன் வெளிவந்தது. 2022-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில் 150 குதிரைத்திறனை எட்டியது.

இவ்வகைக் கார்கள் புதிதாக இருக்கையில் விலை மிகுந்தவை. சில ஆண்டுகள் கழிந்ததும் அவற்றின் விலை நடுத்தரக் குடும்பம் எட்டும் அளவிற்கு இறங்கிவிடுகிறது. ஆனால் உதிரிபாகங்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. டர்போ, அகன்ற டயர், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவு, கார் புதிதாக இருந்த நாளின் தரத்திலேயே தொடர்கிறது. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இதுவே.

ஓட்டிப் பார்த்தபோது

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில்தான் முதலில் இயக்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே அதனை ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். சூடாக இருக்கும் எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். இயக்கியதும் நீலப் புகை வருகிறதா, உலோகச் சத்தம் கேட்கிறதா என்பவற்றைக் கவனித்தோம். எக்குறையும் தென்படவில்லை.

சந்துகளில் கார் சற்று முரண்டு பிடித்தது. கிளட்ச் கனமாக இருந்தது. வேகத்தடைகளில் ஏறி இறங்குகையில் கெட்டியான சஸ்பென்ஷன் ஒவ்வொரு கல்லையும் முதுகிற்கு உணர்த்தியது. இரண்டாம் கியரில் மெதுவாகச் செல்லும்போது எஞ்சின் உறங்குவது போலிருந்தது. டர்போ எஞ்சின்களின் இயல்பு அது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்பைனே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எஞ்சினின் சுழற்சி குறைவாக இருக்கும்போது அந்த விசையும் குறைவு.

தோப்பும்படியைக் கடந்து பாலத்தில் ஏறியதும் காரின் மறுமுகம் வெளிப்பட்டது. நிமிடத்திற்கு 2,000 சுழற்சியைத் தாண்டியவுடன் பின்னாலிருந்து யாரோ தள்ளியது போன்ற உந்துதல். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவின் அகன்ற சாலையில், ஸ்டீயரிங் கையின் சிறு அசைவையும் உடனே ஏற்றது. வளைவில் கார் சாயவில்லை. பிரேக் அழுத்தியபோது ஒருபக்கம் இழுக்காமல் நேராக நின்றது. மருமகனின் முகத்தைப் பார்த்தேன். அவன் அந்தக் காரை மனத்தளவில் வாங்கிவிட்டான். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

தரைவிரிப்பின் அடியில்

அதன்பின் பழக்கமான மெக்கானிக்கின் பட்டறைக்குச் சென்றோம். கடலோரக் காருக்கு அடிப்பகுதியே சான்றிதழ். உப்புக்காற்று படும் ஊரில் துரு முதலில் பற்றுவது கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளையும் பிரேக் குழாய்களையும்தான். அவை ஓரளவு நன்றாகவே இருந்தன.

மெக்கானிக் பின்னர் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கினார். அதன் குழியின் மூலையில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. முன்னிருக்கையின் தண்டவாளத்தில் பழுப்புத் துரு. தரைவிரிப்பின் அடியில் ஒரே உயரத்தில் ஓடிய நீர்க்கறை. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் ஆலுவா, பறவூர் பகுதிகளில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. இக்கார் அதற்கு முன்பே பதிவானது. எங்கு, எப்போது மூழ்கியது என்பதை விற்பவர் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. நீரில் நின்ற காரின் மின்னிணைப்புகள் இன்று இயங்கலாம். அடுத்த மழையில் நின்றும் போகலாம். பட்டறைச் சோதனைக்கு முன் முன்பணம் தராமலிருந்தது எங்கள் நல்லூழ்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இவ்வகைக் கார்களை முன்பு வைத்திருந்தோர் ஆர்வமிகுதியால் எஞ்சின் மென்பொருளையோ சைலன்சரையோ மாற்றியிருக்கக்கூடும். தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வேறுபடும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இல் இதனை வலியுறுத்தியது. இத்தகைய மாற்றங்கள் காப்பீட்டுக் கோரிக்கையையும் சிக்கலாக்கலாம்.

ஆவணங்கள்

கார் நன்றாக இருப்பினும் ஆவணங்கள் சரியாக இராவிடில் வாங்கலாகாது. பதிவுச் சான்றில் முந்தைய கடன் குறிப்பு இருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் தேவை. உரிமை மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 உரியவை. ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோரிக்கையின்மைச் சலுகை விற்பவருக்கு உரியது. அது காருடன் வருவதில்லை என்பதால் பிரீமியம் உயரக்கூடும். தமிழகப் பதிவுள்ள காரைக் கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதாயின் மறுபதிவு செய்தல் அவசியம். அதற்கான வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், எஞ்சியுள்ள ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவணையின் சோதனை ஓட்டம்

அன்று மாலை, கூரை ஒழுகும் அறையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். பழைய காருக்கான கடனின் வட்டி பொதுவாகப் புதிய காருக்கானதைவிடக் கூடுதல். எடுத்துக்காட்டாக 12 சதவீதம் என்று கொண்டோம். 5 இலட்சத்தை 3 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 16,607 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 98,000 ரூபாய். 5 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 11,122 ரூபாயாகக் குறையும்; வட்டியோ 1,67,000 ரூபாயைத் தாண்டும். கார் முதுமை அடைய அடைய, பழுதுச் செலவும் தவணையும் ஒரே மாதத்தில் கைகோத்து வரும். ஆதலால் பழைய காருக்குக் குறுகிய காலக் கடனே ஏற்றது. மேலும், நான்கு டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், பிரேக் ஆகியவற்றிற்காக முதலாண்டில் காரின் விலையில் பத்தில் ஒரு பங்கையேனும் தனியே வைப்பது என் வழக்கம். இங்கு அது 70,000 ரூபாய். மருமகனின் திட்டத்தில் இத்தொகைக்கு இடமே இல்லை.

“அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா, மாமா?” என்று கேட்டான்.

விட வேண்டியதில்லை என்றேன். காரை ஓட்டிப் பார்த்தது போலத் தவணையையும் ஓட்டிப் பார்க்கலாம். கடன் வாங்கிவிட்டதாகவே எண்ணி, மாதந்தோறும் 16,607 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்திவர வேண்டும். எந்த மாதத்தில் மூச்சு முட்டுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். இடையில் நிறுத்த நேர்ந்தால், அந்தக் கடன் நமக்குப் பொருந்தாது என்று பொருள். தடையின்றிச் செலுத்தினால் ஓராண்டில் வட்டி நீங்கலாகவே 1,99,284 ரூபாய் சேரும். காருக்கு வேண்டிய முன்தொகை ஏறத்தாழ அதுவே. கூரைப் பணத்தைத் தொட வேண்டியதில்லை.

தமக்கை வீட்டின் கூரைக்குச் சித்திரையில் புதிய ஓடுகள் ஏறின. இடவப்பாதி மழைக்கு வீட்டில் ஒரு சொட்டும் விழவில்லை. மருமகனின் தொடர் வைப்பில் இதுவரை ஐந்து தவணைகள் சேர்ந்துள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இப்போதும் பழைய செடான்களைப் பார்க்கச் செல்கிறான். ஆனால் முதலில் கேட்பது எஞ்சினின் திறனை அன்று, மாற்றுச் சக்கரத்தைத் தூக்கிக் காட்ட இயலுமா என்பதையே.