சாவி யாரிடம் இருக்கிறது?

நூலகத்தையோ இளைஞர் மன்றத்தையோ மூடப்போவதாக அரசு அறிவித்தால், அதை எதிர்க்க ஆள் கிடைக்கும். 2011 நவம்பரில் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அமைச்சரவை முடிவெடுத்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் திரண்டார்கள். சில நாள்களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டடம் தப்பியது. ஆனால் பிந்தைய ஆண்டுகளில் அதன் பராமரிப்பு கேட்பாரற்றுப் போக, அதற்கும் நீதிமன்றம்தான் தலையிட வேண்டியிருந்தது. இந்தக் கதையில் முதல் பாதியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தாமிரபரணிக் கரை ஊர்களுக்குப் பொருந்துவதோ இரண்டாம் பாதி. இங்கே எந்த ஊராட்சி நூலகத்தையும் மூடச் சொல்லி யாரும் ஆணை போடுவதில்லை. ஒருநாள் திறக்க ஆள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அவ்வளவுதான். எதிர்த்துப் போராட ஒரு காகிதம்கூடக் கிடையாது.

2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், தமிழகத்தின் 12,618 ஊராட்சிகளுக்கும் தலா ஒரு நூலகமும் விளையாட்டுத் திடலும் தர முனைந்தது. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் 204 ஊராட்சிகளும் அதில் அடக்கம். கிராமத்து இளைஞருக்கென அரசு அவ்வளவு பெரிய அளவில் கட்டித்தந்த பொது இடம் அது. பின்னர் மாநிலத்தின் பல ஊர்களில் அந்த அறைகளுக்கு என்ன ஆனது என்பது தெரிந்த கதை: சுவரில் ‘நூலகம்’ என்ற எழுத்து மங்காமல் இருக்கும், ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தால் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையும் தெருவிளக்குச் சாமானும், அவற்றுக்குப் பின்னால் நூல்கட்டுப் பிரியாத புத்தகங்களும். கட்டடத்துக்கு நிதி ஒருமுறை வந்தது. பொறுப்பாளருக்கு ஒரு சிறு மதிப்பூதியம், அதுவும் நின்றும் நடந்தும். நாளிதழ்ச் சந்தா, மின்விளக்கு, புதுப் புத்தகம் ஆகியவற்றுக்கு நிலையான நிதித் தலைப்பே இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிராமத்தார் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி சேர்கிறது. அது 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஊராட்சி நூலகமோ ஊரக வளர்ச்சித் துறையின் பிள்ளை. வரி ஒரு வீட்டுக்கு, பிள்ளை இன்னொரு வீட்டில்.

இதெல்லாம் எல்லா மாவட்டத்துக்கும் உள்ள குறைதானே, திருநெல்வேலிக்கு என்ன தனி அவசரம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதி நிறக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பன போன்ற பரிந்துரைகள் பெரும்பாலும் பள்ளி வளாகத்தை நோக்கியவை. அவை தேவை. ஆனால் நாங்குநேரியில் வெட்டு விழுந்தது வளாகத்துக்குள் அல்ல. மாலை மணி அடித்ததும் பையன்கள் திரும்பிப் போவது அவரவர் தெருவுக்கு. அங்கே உட்கார இடம் பாலச்சுவர், டீக்கடை பெஞ்சு, கோயில் திண்டு. மின்கம்பத்தில் ஒரு நிறம், கொடிக்கம்பத்தில் ஒரு தலைவர். போலீசார் அவ்வப்போது கம்பங்களுக்கு வெள்ளையடிப்பார்கள், நிறம் மறுபடி ஏறிவிடும். ரசிகர் மன்றம், நற்பணி மன்றம், படிப்பகம் எதை எடுத்தாலும் இன்ன தெருவினுடையது என்று ஊருக்குத் தெரியும். கொடி இல்லாத, பெயர் கேட்காத கூரை என்று ஊரில் மிஞ்சுவது ஊராட்சி நூலகம் ஒன்றுதான். அதனால்தான் அதன் பூட்டு மற்ற பூட்டுகளைப் போன்றதல்ல என்கிறேன்.

எல்லாரையும் ஓரிடத்தில் சேர்த்தால் சண்டைதான் வரும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். தட்டிக்கழிக்கக்கூடிய வாதம் அல்ல. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவர் தாக்கப்பட்டதன் பின்னணியில் ஒரு கபடிப் போட்டி பேசப்பட்டது. அதே ஆற்றுப் பாசனப் பக்கத்து மணத்தி ஊரிலிருந்து கபடி ஆடிப் போய் 1995இல் அர்ஜுனா விருது வாங்கியவர் கணேசன். ஆட்டம் ஒன்றுதான். ஒன்று, வெற்றியைத் தெருவின் கௌரவமாகக் கொண்டாடும் ஒருநாள் போட்டி. மற்றது, அன்றாடம் பயிற்சியும் கேள்வி கேட்கும் மூத்தவரும் உள்ள ஆட்டம். பொறுப்பாளர் இல்லாத திடல் சண்டைக்களம் ஆவது உண்மைதான். ஆகவே திடலை மூடு என்பதைவிடப் பொறுப்பாளரைப் போடு என்பதே அதிலிருந்து வரும் முடிவு. மூடினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் கணக்கே இருக்கிறது. அங்கே 2010க்கும் 2019க்கும் இடையே சிக்கனத்தின் பெயரால் இளைஞர் மன்றங்களில் சுமார் 30 விழுக்காடு மூடப்பட்டன. ஐ.எஃப்.எஸ். என்னும் நிதி ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, மன்றத்தை இழந்த பகுதிகளில் 10 முதல் 17 வயதுள்ளோர் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது, தேர்வு மதிப்பெண்ணும் இறங்கியது; மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் ஏறக்குறைய மூன்று பவுண்டு இழந்தது. லண்டன் வேறு, சேரன்மகாதேவி வேறு என்பது சரி. மாலை நேரத்துப் பதினைந்து வயது அவ்வளவு வேறல்ல.

கையில் கைப்பேசி இருக்கும்போது யார் நூலகத்துக்கு வருவார்கள் என்பது இன்னொரு கேள்வி. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு, குரூப் 4க்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிறவர்கள் சொந்தப் புத்தகத்தோடு பஸ் ஏறிப் போகிறார்கள். அவர்கள் தேடுவது புத்தகத்தை அல்ல. மேசை, மின்விசிறி, பக்கத்தில் படிக்கும் இன்னொருவர். பஸ் காசும் நேரமும் இல்லாதவர்களும், இருட்டிய பின் தனியே திரும்ப வீட்டில் சம்மதிக்காத பெண்களும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பையன்களுக்காவது பாலச்சுவர் உண்டு. ‘யாரும் வருவதில்லை’ என்ற ஊராட்சிப் பதிலுக்கு மதிப்புத் தர வேண்டுமானால், முதலில் அந்த அறை வேலை முடிந்து வரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும். காலை பத்துக்குத் திறந்து ஐந்துக்குப் பூட்டும் நூலகம் இளைஞருக்கானதே அல்ல.

கடைசியில் பணம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பி.என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களோடு தொடங்கிய கிரந்தசாலை சங்கத்தின் வழிவந்தவை இன்று ஆயிரக்கணக்கில் இயங்குகின்றன. ஊர்க்காரர்களே உறுப்பினராகி நடத்துகிறார்கள். நூலக கவுன்சில் ஆண்டுதோறும் தரம் பார்த்து மானியம் தருகிறது, அந்த மானியத்துக்கு வீட்டு வரியோடு வரும் நூலக வரியும் உதவுகிறது. இங்கும் அந்த வரி இருக்கிறது. நூலகம் ஊராட்சியின் பொறுப்புக்குரியது என்று அரசமைப்புச் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணை 20ஆம் இனமாகவே சொல்கிறது. இல்லாதது, வசூலான ஊரிலேயே அந்த வரியில் ஒரு பங்கைச் செலவிட வைக்கும் விதி. அது சென்னையில் முடிவாக வேண்டியது, நாளாகும். அதுவரை ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. ‘நூலகத்தைச் சீரமைக்க வேண்டும்’ என்ற வழக்கமான தீர்மானம் அங்கே போதாது. மாலை ஐந்து முதல் எட்டரை வரை யார் திறப்பது, அவருக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு, இரண்டாவது சாவி எந்தத் தெருக்காரரிடம் என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லும் தீர்மானம் வேண்டும்.