மூடியிருந்த கடிதம்

என் இடக்கால் விறைக்கத் தொடங்கியபோது அதனை நான் பொருட்படுத்தவில்லை. வகுப்பிலே நாள் முழுவதும் நின்று படிப்பிப்பவனுக்குக் கால் விறைப்பது புதுமையா? பின்னர் வலக்கண்ணிலே புகை படர்ந்தது. சில கிழமைகளில் தானே விலகியது. மறு ஆண்டு என் விரல்கள் சோக்குக் கட்டியைப் பிடிக்க மறந்தன. குருதியைச் சோதித்தார்கள், குறையில்லை. ஒரு வைத்தியர் விற்றமின் குறைவென்றார். மற்றவர் மனக்கவலை என்றார். மூன்றாமவர் கூறியதை எழுதாது விடுதலே நன்று. வருத்தத்தைவிட, இல்லாத வருத்தத்தைச் சொல்லித் திரிபவன் என்ற பெயரே என்னை அதிகம் வாட்டிற்று.

அந்நாட்களிலேதான் பாபெலியன் என்னும் புனைபெயரில் வெளிவந்த ஆங்கில நாட்குறிப்பு என் கைக்கு வந்தது. 1889இற் பிறந்த புரூஸ் கமிங்ஸ் என்பாரே அவர். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பூச்சிகளை ஆராய்ந்தவர். கை விறைப்பு, பார்வைக் குழப்பம், தளர்ச்சி என்று வைத்தியர் பலரிடம் அலைந்தும் எவரும் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. 1915 நவம்பரிலே, தம் வைத்தியர் கொடுத்த மூடிய கடிதத்துடன் படைக்கு ஆட்சேர்க்கும் நிலையத்துக்குப் போனார். அங்கே கடிதத்தைப் பிரியாமலே அவரைத் தகுதியற்றவரென்று தள்ளிவிட்டனர். வீடு திரும்பும் புகைவண்டியிலே தாமே அதனைப் பிரித்தார். இன்று மல்ற்றிப்பிள் ஸ்கிளரோசிஸ் என நாம் வழங்கும் நோயின் பெயர் அதிலே இருந்தது.

மனைவிக்குத் தெரியலாகாதென்று அவர் அதனை மறைத்தார். மனைவியோ, அவ்வாண்டு செப்டெம்பரிலே மணம் முடிக்கு முன்னரே வைத்தியர் வாயிலாக யாவற்றையும் அறிந்திருந்தார், அறிந்தே மணந்தார், அவரும் மறைத்தார். ஒரே கூரையின்கீழ் இருவரும் ஒரே செய்தியை ஒருவருக்கொருவர் ஒளித்து வாழ்ந்ததைப் படித்தபோது, மேலே வாசிக்க முடியாமற் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இந்நோயை 1868இலே பாரிஸ் நகரிற் பகுத்துரைத்தவர் சார்க்கோ. நரம்பு நார்களைச் சூழ்ந்த மயலின் கவசத்தை உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே தாக்குகின்றது. மூளையிலும் முண்ணாணிலும் ஆங்காங்கே தழும்பு விழுகின்றது. விழுந்த இடத்துக்கேற்பக் கண்ணோ காலோ பழுதுறும். சிலகாலத்திலே தேறியும் விடும். வைத்தியர் ஏமாறுவது இதனாலேதான். நிலநடுக்கோட்டை அண்டிய நம் நாட்டிலோ இஃது அரிது; எனவே எவர் நினைவுக்கும் எளிதில் வருவதில்லை. ஈராண்டு அலைச்சலின் பின் எம்.ஆர்.ஐ. படமே என்னை ஐயத்தினின்று விடுவித்தது.

படம் வந்த அன்று வைத்தியர் என் மனைவியைத் தனியே அழைத்தார். "இரண்டு பேருக்கும் ஒன்றாகவே சொல்லுங்கோ, டொக்டர்" என்று நானும் உள்ளே போய் அமர்ந்தேன். அவர் பெயரைச் சொன்னார். அச்சத்துக்கு முன்னே, சொல்ல வெட்கமாயினும், எனக்கு ஓர் ஆறுதலே வந்தது: நான் பொய்யன் அல்லன்.

பாபெலியனுக்கு மருந்திருக்கவில்லை. 1919 மார்ச்சிலே எச். ஜி. வெல்ஸின் முன்னுரையோடு வந்த அந்நூலின் இறுதியில், ஆசிரியர் 1917இலேயே இறந்துவிட்டாரென்று குறிப்பிருந்தது. அது அவர் செய்த குறும்பு. நூலின் மதிப்புரைகளைத் தாமே படித்துவிட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் முப்பதாவது வயதிலே மறைந்தார். இன்றோ, நோயை அறவே நீக்காவிடினும் அதன் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள், 1993இல் வந்த இன்ரபெரோன் தொடங்கிப் பல உள்ளன.

அன்று வீடு திரும்பும் பேருந்திலே என் மனைவி அறிக்கையை மடியில் விரித்து வைத்திருந்தார். விளங்காத சொற்களை அவர் விரலாற் காட்டக் காட்ட, எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தேன்.