கர்ப்பிணிகள் எந்த மீனை உண்ணலாம்?

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பகுதிகளிலிருந்து கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் தாய்மார் சிலர், மீனில் பாதரசம் இருப்பதாகக் கேள்வியுற்று மீன் உண்பதையே நிறுத்திவிட்டதாகக் கூறுகின்றனர். வேறு சிலரோ, கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களை மீன் என்ன செய்துவிடும் என்கின்றனர். இவ்விரண்டையும் நாங்கள் ஏற்பதில்லை.

நிலக்கரிப் புகை, தங்கச் சுரங்கங்கள், ஆலைக் கழிவுகள் ஆகியவற்றின் வழியாகப் பாதரசம் நீரை அடைகிறது. அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிரிகளிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் அது செல்கையில் ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. எனவே பிற மீன்களைத் தின்று பல்லாண்டு வாழும் பெரிய சுறாவிலும் கொப்பரை மீனிலும் அது மிகுதி. சூடை, காரல், நெத்திலி போன்ற சிறு மீன்களில் மிகக் குறைவு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள், பொதுவாக மீனுக்குக் கிலோவிற்கு 0.5 மில்லிகிராம் பாதரசத்தையும், வேட்டை மீன்களுக்கு 1.0 மில்லிகிராமையும் உச்ச வரம்பாக வைத்துள்ளன. வேட்டை மீன்களில் இயல்பாகவே பாதரசம் கூடுதலாக இருப்பதால் தளர்த்தப்பட்ட வரம்பு அது. கர்ப்பிணிக்குப் பாதுகாப்பு என்று அதற்குப் பொருளில்லை.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு வேதித் தொழிற்சாலை வெளியேற்றிய பாதரசம் மீன்களில் சேர்ந்தது. அவற்றை உண்டவர்களின் நோய் 1956ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. கைகால் மரத்தல், தள்ளாட்டம், பார்வைப் புலம் சுருங்குதல், பேச்சுக் குழறல் ஆகியன அதன் அறிகுறிகள். மருத்துவ உலகை உலுக்கியது வேறொன்று. பெரிதாக எந்த அறிகுறியும் இல்லாத தாய்மாருக்குக் கடுமையான மூளைப் பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன. மெதில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்கிறது. தொப்புள்கொடிக் குருதியில் அதன் அளவு தாயின் குருதியில் இருப்பதைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. தமிழகத்திலும் கொடைக்கானலில் 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரி மீன்கள்வரை சென்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இனி, நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். சிறிய பால்சுறாவை எப்போதேனும் உண்டதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தாய்ப்பாலில் கலக்கும் பாதரசம் மிகக் குறைவு. அதன் பொருட்டுத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆயினும் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் மாதங்களிலும் பெரிய சுறாவை முற்றிலும் தவிர்க்கவும், பெரிய வஞ்சிரத்தைக் குறைத்துக்கொள்ளவும் கூறுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீன் சாறு வைத்துத் தரும் வழக்கமும் இதே கரையில் உண்டு. நாங்கள் பரிந்துரைப்பது அதனைத்தான். மலிவானது, நாள்தோறும் கிடைப்பது.

மீனை அறவே விடுவதும் இழப்பே. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் அயோடினும் அதில் உள்ளன. பாதரசம் குறைந்த மீனை வாரம் 225 முதல் 340 கிராம் வரை கர்ப்பிணிகள் உண்ணலாம் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை.

கழுவினாலும் பொரித்தாலும் தோலை உரித்தாலும் பாதரசம் நீங்காது. அது தசைப் புரதத்துடன் பிணைந்துள்ளது. சுறாக் கருவாட்டில் நீர் வற்றிவிடுவதால் எடைக்கு எடை அதன் அளவு கூடுதலே. நண்டின் நிலை சற்று வேறு. சிறுநீரகத்தைப் பாதிக்கும் காட்மியம் அதன் சதையில் குறைவு, ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு மஞ்சள் பகுதியில் மிகுதி. சுவையானதுதான், சிறுநீரக நோயாளிகள் அதனை ஒதுக்கிவிடுதல் நலம். இரும்புச்சத்துக் குறைந்தவர்களின் உடல் காட்மியத்தைக் கூடுதலாக ஈர்க்கும் என்பதால், இரத்தசோகை மாத்திரைகளை விடாமல் உட்கொள்ளுங்கள்.

உடலில் சேர்ந்த மெதில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 முதல் 70 நாட்கள் ஆகும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் சில மாதங்களுக்கு முன்னரே பெரிய சுறாவை நிறுத்துவது நல்லது. கைகால் மரத்தலோ நடையில் தள்ளாட்டமோ இருந்தால், உண்ணும் மீன்களையும் பஸ்பம், செந்தூரம் போன்ற மருந்துகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். தேவைப்பட்டால் குருதிப் பரிசோதனைக்கு அவர் எழுதித் தருவார்.