பெயர் போட வேண்டாம் என்றார்கள்

வேலூர் மாவட்டத்தில் ஒரு நகரம். பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு செல்போன் கடை. அதன் பக்கவாட்டில் மாடிப்படி. எதிரே ஒருவர் இறங்கினால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறிப் போனால் பத்துக்குப் பதினெட்டு அடியில் ஓர் அறை. ஆறு கணினிகள், ஒரு இன்வெர்ட்டர், மூலையில் ஒரு தண்ணீர் கேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனம் இது. லுங்கி மொத்த வியாபாரி, பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம், தனியார் பள்ளி, பல் மருத்துவர் என்று இந்த வட்டாரத்துக்காரர்கள் பலரின் பெயரை வெளி உலகுக்குக் காட்டுவதுதான் இவர்கள் தொழில்.

நாம் குறிப்பேட்டைத் திறந்ததும் நிறுவனத்தை நடத்தும் தம்பி முதலில் சொன்னது இதுதான்: “அண்ணா, என்ன வேணா எழுதுங்க. எங்க பேரையும் கம்பெனி பேரையும் மட்டும் போடாதீங்க. ஊர் பேரும் வேணாம்.”

ஏன் என்று கேட்டோம்.

“உங்க பக்கத்துல பேர் வந்தா நாங்க யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பாதிப் பேர் ஆர்டர் தர மாட்டாங்க. அதையும் நேரா சொல்ல மாட்டாங்கண்ணா. ‘இப்ப வேணாம் தம்பி, அப்புறம் பார்க்கலாம்’னுதான் சொல்வாங்க.”

ஆகவே இந்தக் கட்டுரையில் அவர்கள் எவர் பெயரும் இல்லை. இதைப் படிக்கும் மாணவர்கள் அந்த வெற்றிடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எந்த ஊர், எந்தப் பக்கம்?

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது குடும்பம் சொந்த ஊருக்கே திரும்பியது. அரசுப் பள்ளி, விடுதி, அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல். பிறகு பெங்களூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகள். அந்த அலுவலகத்தில் யாரும் சாதியைக் கேட்கவில்லை. “எந்த ஊரு?” என்று கேட்டார்கள். ஊரைச் சொன்னதும் “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர் போடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். பெயரில் கிடைக்காத தகவலைத் தெருவில் தேடிக்கொள்ளும் சாமர்த்தியம் நம் சமூகத்துக்கு உண்டு.

அந்த அலுவலகத்தில் ஒருநாள் மதியம் அவர் கொண்டுபோன மாட்டுக்கறிக் குழம்பைப் பற்றி மேலதிகாரி தனியே அழைத்து, “வாசனை மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்கு” என்றாராம். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் தயிர்சோறுதான் கொண்டுபோனார். “வேலையை விட்டதுக்கு அது ஒண்ணும் பெரிய காரணமில்லண்ணா. ஆனா அதுவும் ஒரு காரணம்” என்கிறார்.

இது ஒருவரின் அனுபவம் மட்டுமல்ல. பேராசிரியர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு மறுஅழைப்பு வரும் வாய்ப்பு, உயர்த்தப்பட்ட சாதிப் பெயருக்கு இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அரசு வேலையில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. தனியார் துறையில் அப்படி ஒன்றும் கிடையாது. நம் பிள்ளைகள் இன்று படித்துவிட்டுத் தேடும் வேலைகளில் பெரும்பகுதி தனியார் துறையில்தான் இருக்கிறது.

ஒரே கேன், ஒரே டம்ளர்

இந்த மாடி அறையில் மதியம் ஒன்றரை மணிக்குக் கணினிகள் ஓய்கின்றன. தரையில் செய்தித்தாள் விரித்து ஆறு டப்பாக்களும் நடுவில் வைக்கப்படுகின்றன. யார் வீட்டுக் குழம்பும் யார் தட்டிலும் விழலாம். ஆறு பேரில் மூன்று பேர் பெண்கள். ஒருவர் மட்டும் தலித் அல்லாதவர். அவர் இங்கே வேலை செய்வது வீட்டுக்குத் தெரியும்; யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது தெரியாது. “தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க சார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

வேலை எளிதானதல்ல. வாடிக்கையாளர் கையில் ஒரு விசிட்டிங் கார்டும் மங்கலான நான்கு புகைப்படங்களும்தான் இருக்கும். அதிலிருந்து அவர் கடையைத் திரையில் கட்டி எழுப்ப வேண்டும். கிராமத்தில் சிக்னல் குறைவு என்பதால் படங்களின் அளவைச் சுருக்கி, சாதாரண செல்போனிலும் பக்கம் சட்டென்று திறக்கும்படி செய்ய வேண்டும். டொமைனுக்கும் சர்வருக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டத் தவறினால் தளம் மறைந்துவிடும். அதை நினைவூட்டுவதும் இவர்கள் பொறுப்பு. அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றுவது இன்னொரு வேலை. மாற்றாவிட்டால் இணையத்தில் தேடுபவர் கண்ணில் அந்த எழுத்து படாது.

திருப்பிக் கொடுத்த முன்பணம்

சென்ற ஆண்டு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு சாதிச் சங்கத்துக்கான திருமணத் தகவல் தளம். எண்பதாயிரம் ரூபாய் பேசி, இருபதாயிரம் முன்பணமும் கைக்கு வந்துவிட்டது. அந்த மாதம் அறை வாடகையே பாக்கி. வேலையைத் தொடங்கிய பிறகு சங்கத்துக்காரர்கள் தேவைகளின் பட்டியலை அனுப்பினார்கள். வரன் தேடுபவர் தேர்வு செய்யும் கட்டங்களில் ஒன்று: ‘வேறு சாதியும் சம்மதம் – எஸ்.சி., எஸ்.டி. தவிர.’

அந்தப் பக்கத்தை எழுத வேண்டிய பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். “அண்ணா, இந்தக் கட்டத்தை நான் எப்படி எழுதுவேன்? என்னைத் தவிரன்னு நானே எழுதணுமா?”

ஆறு பேரும் பேசினார்கள். எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நாம் எழுதினால் அது பொய். “நாம செய்யலன்னா வேற எவனாவது செய்யத்தான் போறான், நமக்குச் சம்பளமாவது வரும்” என்றவர்கள் இருவர். அந்த ஒரு கட்டத்தை மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம் என்றார் ஒருவர். கேட்டார்கள். “எல்லா சைட்லயும் இருக்கறதுதானே தம்பி” என்று பதில் வந்தது. மறுநாள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மாதம் எல்லோருக்கும் பாதிச் சம்பளம். இரண்டு மாதம் கழித்து ஒரு பையன் வேலையை விட்டு பெங்களூர் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல இங்கே யாரும் தயாராக இல்லை. அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

வரைபடத்தில் இல்லாத பாதை

சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு இந்த அலுவலகம் மாடியிலிருந்து இறங்கி, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்குப் போகிறது. இரண்டு மடிக்கணினி, ஒரு பிரிண்டர். கல்லூரி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை அங்கே இலவசமாகப் பதிவு செய்கிறார்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ‘போஸ்ட் மெட்ரிக்’ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்று வருபவர்களிடம் இவர்கள் முதலில் பார்ப்பது வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பதைத்தான். கணக்கு இருக்கும், ஆதாரும் இருக்கும், இரண்டும் சேர்ந்திருக்காது. பிள்ளையின் பெயர் ஒரு சான்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். இந்தச் சின்னச் சிக்கல்களால் ஓராண்டுப் படிப்பையே இழந்த பிள்ளைகளை நாம் அறிவோம்.

அங்கேதான் இன்னொரு வேலையும் தொடங்கியது. இணைய வரைபடத்தில் தங்கள் குடியிருப்பைத் தேடிய ஒரு பள்ளி மாணவிக்கு ஊர்த் தெரு தெரிந்தது, கோயில் தெரிந்தது, பால் சங்கம் தெரிந்தது. அவள் வாழும் இடம் வெறும் பச்சை நிறமாக இருந்தது. ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்று ஒரு வரைபடம் 2004 முதல் இருக்கிறது. உலகில் எவர் வேண்டுமானாலும் அதில் தம் இடத்தைக் குறிக்கலாம், ஒரு பைசா செலவில்லை. எட்டு மாணவர்கள் செல்போனோடு தெருத் தெருவாக நடந்தார்கள். நான்கு தெருக்கள், அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, நூலகம் எல்லாவற்றையும் குறித்தார்கள். கடைசியில் சுடுகாட்டுக்குப் போகும் பாதை வந்தது. ஓடையில் இறங்கி, தனியார் வரப்பில் ஏறிப் போகும் பாதை. மழைக்காலத்தில் பிணத்தை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப்போன பாதை.

அதையும் அளந்து குறித்தார்கள். அந்த வரைபடத்தை அச்சிட்டு, மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் கொடுத்தார்கள். இதற்கு முன்பும் மனு கொடுத்திருக்கிறார்கள்; ‘அங்கே பாதையே இல்லை’ என்று பதில் வந்திருக்கிறது. இந்த முறை நில அளவையர் வந்து அளந்துவிட்டுப் போனார். பாதை இன்னும் வரவில்லை. ஆனால் ‘பாதையே இல்லை’ என்று இனி எழுத முடியாது.

குடியிருப்புக்கு என்ன பெயர் போடுவது என்று மாணவர்களுக்குள் வாக்குவாதம் வந்ததாம். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லைப் போடவில்லை. பாட்டிமார்களைக் கேட்டு, அவர்கள் வழங்கிவந்த பழைய பெயரைப் போட்டார்கள்.

நம் பாக்கி

இனி நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். இவர்களை நாம் முதலில் சந்தித்தது கட்டுரைக்காக அல்ல. ஓர் ஏப்ரல் 14 விழாவுக்காக நம் அமைப்புக்கு ஒரு தளம் வேண்டியிருந்தது. “நம்ம பிள்ளைங்கதானே, செஞ்சு கொடுங்க தம்பி” என்றோம். செய்து கொடுத்தார்கள். காசு பற்றி அவர்களும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. இந்தக் கட்டுரைக்காகக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது ‘நம்மாளுங்க’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. சங்கங்கள், நினைவு மலர்க் குழுக்கள், விளையாட்டு மன்றங்கள் என்று பதினொரு பெயர்கள். தொகைக்கான கட்டம் எல்லாவற்றுக்கும் காலி. மூன்றாவது வரியில் நம் அமைப்பின் பெயர்.

யாரென்று தெரிந்தால் வேலை தராதவர்கள் ஒரு பக்கம். யாரென்று தெரிந்ததால் காசு தராத நாம் மறுபக்கம். நடுவில் ஆறு பேர் வாடகை கட்ட வேண்டும்.

நம் முன்னோர் இப்படி இருந்ததில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே முகப்பில் அச்சிட்டார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். அதுவே பிறகு ‘தமிழன்’ ஆனது. அண்ணல் அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். ‘தமிழன்’ இதழை வாங்கிப் படித்துத் தாங்கியவர்களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் உண்டு. பூமிக்கடியில் உழைத்த காசில் வாங்கிப் படித்தார்கள். விலை ஒரு பைசாதான், ஆனால் இலவசமல்ல. நம் குரலுக்கு நாமே காசு கொடுத்ததால்தான் அது நம் குரலாக நின்றது.

அன்று அச்சகம் இருந்த இடத்தில் இன்று இணையதளம் இருக்கிறது. அதைக் கட்டத் தெரிந்தவர்கள் நம் வட்டாரத்திலேயே, ஒரு மாடிப்படி ஏறினால் இருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. இந்தத் தொழிலுக்குப் பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. இந்த ஆறு பேரில் ஒருவர் தமிழ் இலக்கியம் படித்தவர். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் இணையத்தில் கட்டணமில்லாமலே கற்கலாம். தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். தொழில் தொடங்க நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் ‘அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்’ பற்றிக் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் அதில் உண்டு. உற்பத்தித் தொழிலுக்கு மட்டுமல்ல, சேவைத் தொழிலுக்கும் பொருந்தும்.

சங்கங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒன்று. நாம் நம் பாக்கியில் பாதியைக் கட்டிவிட்டோம். இந்தக் கட்டுரை அச்சேறும் நாளில் மீதியும் போய்ச் சேர்ந்திருக்கும். காசை வாங்கிக்கொள்ள அந்தத் தம்பி கூச்சப்பட்டார். கூச்சப்பட வேண்டியவர்கள் நாம்தான். உங்களுக்கும் அப்படி ஒரு வேலை இருந்தால் நம் பிள்ளைகளிடம் கொடுங்கள். போனதும் முதல் கேள்வியாக “எவ்வளவு ஆகும்?” என்று கேளுங்கள். “எந்த ஊர், எந்தப் பக்கம்?” என்று கேட்கத்தான் ஊரே இருக்கிறது.